முடுக்கு வழியே போகும் கிழங்கு

காயல்பட்டினத்தில் பூச்செடி வளர்க்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது காற்றை. மண்ணும் தண்ணீரும் அதற்குப் பிறகுதான். ஆனியில் தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். மலைகளைத் தாண்டும்போதே ஈரத்தை எல்லாம் அங்கே இறக்கிவிட்டு, பொட்டலையும் தேரியையும் கடந்து வருகிற காற்று அது. சில நாட்களில் தேரியின் செம்மணல் எங்கள் வாசல்படியில் படிந்திருக்கும். ஐப்பசி பிறந்தால் காற்று திரும்பிவிடும். வாடையும் கொண்டலும் கடல் பக்கமிருந்து உப்பைக் கொண்டுவரும். ஒரு காற்று செடியை உலர்த்தும், இன்னொரு காற்று இலை விளிம்பைக் கருக்கும். இந்த ஊரில் ஆளுயரம் வளர்ந்து பூக்கிற செடிகளை வருடக்கணக்காகக் காப்பாற்றி வைத்திருப்பது எளிதில்லை. என் உம்மம்மா அதைச் செய்தார்கள், உம்மா செய்தார்கள், அவர்களிடம் பார்த்துப் பழகியதை நான் செய்துவருகிறேன்.

எங்கள் ஊரில் வீடு பெண்மக்களுக்கு. கல்யாணமானாலும் பெண் தாய்வீட்டில் இருப்பாள், அல்லது அவளுக்கென்று கட்டிக் கொடுத்த வீட்டில் இருப்பாள். மாப்பிள்ளைதான் அங்கே வருவார். வெளியூர்க்காரர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஒரு தோட்டக்காரியாக எனக்கு இதில் தெரிகிற நன்மை வேறு. இருபது வயதில் ஒரு கிழங்கை ஊன்றுகிற பெண், எழுபது வயதிலும் அதே புறவாசலில் நின்று அதன் பூவைப் பார்ப்பாள். அவளுக்குப் பிறகு அவள் மகள் பார்ப்பாள். வருடத்துக்கு வருடம் விதைத்துப் பிடுங்குகிற செடியைவிட, இருந்த இடத்திலேயே கிளைத்துக்கொண்டிருக்கிற கல்வாழையும் நிலச்சம்பங்கியும் காயல் வீடுகளுக்குப் பொருந்திவந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வீடுகளின் பின்பக்கங்களை முடுக்குகள் இணைக்கும். இரண்டு பேர் ஒதுங்கிப் போகிற அகலம்தான் இருக்கும். பெண்கள் பெருந்தெருவுக்கு வராமலே உறவு வீட்டுக்கும், கல்யாண வீட்டுக்கும், மவுத்தான வீட்டுக்கும் அந்த வழியாகப் போய்வருவார்கள். கறிக்குழம்பும் நோன்புக் கஞ்சியும் போன அதே வழியில்தான் கிழங்குகளும் போயின.

எங்கள் சிவப்புக் கல்வாழை கொழும்பிலிருந்து வந்தது. உம்மம்மாவின் வாப்பா அங்கே வியாபாரம் செய்தவர்கள். ஊருக்குத் திரும்பும்போது சாக்குத்துணியில் சுற்றி ஒரு கிழங்கை எடுத்துவந்தார்களாம். இலை செம்பு நிறம், பூ இரத்தச் சிவப்பு, தண்டு மதிலை எட்டும் உயரம். மஞ்சளில் சிவப்புப் புள்ளி போட்ட குட்டை வகை பிறகு வந்தது. அது குத்துக்கல் தெருவிலிருந்து ஒரு மாமி கொடுத்தது.

கல்வாழையைப் பார்ப்பதில் பாதி வேலை வெட்டுவது. ஒரு தண்டு உச்சியில் பூங்கொத்து விட்டு, அதிலுள்ள கடைசி மொக்கும் மலர்ந்து வாடிவிட்டால் அந்தத் தண்டின் வேலை முடிந்தது. அதை அப்படியே விட்டுவைத்தால் காய் பிடிக்கும். கிழங்கின் சத்து காய்க்குப் போக, பக்கத்தில் வருகிற குருத்து மெலிந்துவிடும். உம்மம்மா பூ முடிந்த தண்டைத் தரையோடு வெட்டுவார்கள். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது, இன்னும் பச்சையாக இருக்கிறதே என்று தடுத்திருக்கிறேன். "வெட்டுனாத்தான் புள்ளே அடுத்தது வரும்" என்பார்கள். வெட்டியதை வெளியே வீசமாட்டார்கள். நறுக்கி அதே மூட்டைச் சுற்றிப் பரப்புவார்கள். எங்கள் வெள்ளை மணலில் வெயில் நேராக விழுந்தால் வேர் வெந்துவிடும், அந்த மூடாக்கு அதைத் தடுக்கும்.

மணல் தண்ணீரை நிறுத்தாது என்பதால் கரம்பை அடிப்பார்கள். கோடையில் குளங்கள் வற்றும்போது வண்டியில் கரம்பை வரும். கடம்பாக்குளத்துக் கரம்பை என்றால் உம்மம்மாவுக்குத் தனி மதிப்பு. தாமிரபரணி தன் மலையிலிருந்து அரைத்துக் கொண்டுவந்து கால்வாய் வழியாகக் குளத்தில் படியவைத்த மண் அது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வாங்கிக் கட்டிய ஆட்டின் புழுக்கையையும் சேர்த்து, ஒரு முழக் குழி தோண்டி மணலோடு கலப்பார்கள்.

தண்ணீர்தான் பெரிய கவலை. கிணற்றில் இருப்பது சவர்த்தண்ணீர். குழாயில் வருகிற ஆற்றுத்தண்ணீர் குடிக்கவும் ஆக்கவும் மட்டும். அதனால் வீட்டில் எந்தத் தண்ணீர் எங்கே போக வேண்டும் என்று ஒரு கணக்கு இருந்தது. அரிசி களைந்த தண்ணீரும் மீன் கழுவிய தண்ணீரும் கல்வாழை மூட்டுக்கு. துணி துவைத்த சவுக்காரத் தண்ணீர் தென்னைக்கு. உளூ செய்கிற தண்ணீர் ஒரு சிறிய வாய்க்கால் வழியாக நேரே கல்வாழைப் பாத்திக்குப் போகும். ஐந்து வேளைத் தொழுகைக்கு வீட்டில் உள்ள பெண்கள் எல்லாரும் உளூ செய்தால் ஒரு பாத்திக்கு வேறு தண்ணீரே வேண்டாம். குளியலறைத் தண்ணீர் விழும் இடத்தில் கல்வாழையும் சேம்பும் வைப்பது தமிழ்நாட்டில் பழைய பழக்கம். இன்று கழிவுநீரைச் செடிகளின் வேர் வழியே தெளியவைக்கும் படுகைகளிலும் பல நாடுகளில் கல்வாழையைத்தான் நடுகிறார்கள். ஈரத்தில் கால் வைத்துக்கொண்டே நிற்கக்கூடிய செடி அது.

சவர்த்தண்ணீரை ஊற்றித்தான் ஆகவேண்டும் என்ற கோடை நாட்களுக்கு உம்மா ஒரு முறை வைத்திருந்தார்கள். தினமும் தெளிக்கவே கூடாது. தெளித்த தண்ணீர் மேலாகக் காய்ந்துபோகும், உப்பு மட்டும் வேரில் தங்கும். நாலைந்து நாளைக்கு ஒருமுறை நிறைய ஊற்ற வேண்டும், உப்பு வேரைத் தாண்டிக் கீழே இறங்குகிற அளவுக்கு. வாடை அடிக்கிற மாதங்களில் இலையைக் கையால் தடவிப் பார்ப்பார்கள். பிசுபிசுத்தால் ஒரு செம்பு நல்ல தண்ணீரை இலைமேல் விட்டுக் கழுவுவார்கள். குடிக்கிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவதா என்று வாப்பா கேட்டதுண்டு. உம்மா பதில் சொல்லாமல் ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

இலையைச் சுருட்டி அதற்குள் குடியிருக்கும் பச்சைப் புழுவைப் பிடிப்பது பிள்ளைகள் வேலை. சுருளைப் பிரித்துக் கோழிக்குப் போட்டுவிடுவோம். மருந்து எதுவும் அடித்ததில்லை.

கல்வாழைப் பூவில் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் விரிந்திருப்பவை உண்மையில் இதழ்கள் அல்ல, உருமாறிய மகரந்தத் தாள்கள். இதழ்கள் அவற்றுக்கு அடியில் குறுகலாக, கவனிப்பாரில்லாமல் இருக்கும். இதைப் பள்ளிக்கூடத்தில் பூவைப் பிளந்து காட்டி ஓர் ஆசிரியை சொல்லித்தந்தார். வீட்டுக்கு வந்து உம்மம்மாவிடம் சொன்னேன். ஒரு பூவைப் பறித்துத் தானே பிரித்துப் பார்த்துவிட்டு, அல்லாஹ்வின் கைவேலை என்றார்கள்.

வருடத்தில் ஒரு தண்டை மட்டும் வெட்டாமல் விதைக்கு விடுவார்கள். முள்முள்ளான காய்க்குள் கறுப்பு மணிகள் இருக்கும். குண்டுபோல் உருண்டு கடினமாக இருப்பதால் உலகத்தின் பல பாகங்களில் அவற்றைக் கோர்த்து மாலையாகவும் தொழுகை மணியாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் துளையிட்டு தஸ்பீஹ் கோர்த்தோம். அந்த விதையின் தோல் தண்ணீரைச் சுலபத்தில் உள்ளே விடாது. முளைக்க வேண்டுமானால் அம்மியில் ஒரு பக்கம் உரசி, வெள்ளை தெரிந்ததும் நிறுத்தி, இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும். அர்ஜெண்டினாவில் அக்ரூட் ஓட்டுக்குள் கிலுகிலுப்பை மணியாக அடைபட்டுக் கிடந்த ஒரு கல்வாழை விதை, ஏறக்குறைய 550 வருடங்களுக்குப் பிறகு முளைத்ததாக 1960களில் அறிவியலாளர்கள் எழுதினார்கள். உம்மம்மாவின் தஸ்பீஹ் இப்போது என்னிடம் இருக்கிறது. ஊசி துளைத்த மணி முளைக்காது என்று தெரிந்தாலும், அதை உருட்டும்போது அந்தச் செய்தி நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

ஆனால் விதையிலிருந்து வருகிற செடி தாயைப்போல் இருக்காது. இன்று நாம் வளர்க்கும் பெரிய பூ வகைகள் பல காடுகளின் கல்வாழைகளை ஒன்றோடொன்று கலந்து உண்டாக்கியவை. பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சில் தியோடர் அன்னே என்பவர் இந்தக் கலப்பைத் தொடங்கிவைத்தார். இந்தியாவில் இதைக் கையில் எடுத்தது கல்கத்தாவில் வில்லியம் கேரி 1820இல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம். அதன் அலிப்பூர்த் தோட்டத்தில் பெர்சி லங்காஸ்டர் குடும்பத்தார் புதிய கல்வாழை வகைகளை உண்டாக்கினார்கள். நம்முடைய ரயில் நிலையங்களிலும் கலெக்டர் ஆபீஸ் தோட்டங்களிலும் வரிசையாக நின்ற கல்வாழைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கைகள் நினைவுக்கு வரும். நிறம் மாறாமல் வேண்டுமென்றால் கிழங்கைப் பிரித்துத்தான் நட வேண்டும். எங்கள் சிவப்பு நான்கு தலைமுறையாகச் சிவப்பாகவே இருப்பது அப்படித்தான்.

பிரிப்பதற்குக் காலம் புரட்டாசி. கச்சான் ஓய்ந்திருக்கும், மழை இன்னும் வந்திருக்காது. மூட்டைச் சுற்றி மம்பட்டியால் வெட்டி, கடப்பாரை கொடுத்து நெம்பித் தூக்கினால் மூன்று வருடத்துக் கிழங்கு ஒரு பெரிய தட்டளவுக்கு இருக்கும். நடுப்பகுதி பழுத்துச் செத்திருக்கும். உயிர் எல்லாம் ஓரத்தில்தான். நடுவைத் தள்ளிவிட்டு, ஓரத் துண்டுகளை முளைக்கண் இரண்டாவது இருக்கும்படி வெட்டி, வெட்டுவாயில் சாம்பல் தொட்டு, ஒருநாள் நிழலில் உலர்த்த வேண்டும். பிறகு கண் மேலே பார்க்கும்படி நாலு விரல் ஆழத்தில் வைத்து, ஒரு கை இடைவெளி விட்டு நட வேண்டும். பிரிக்காமல் விட்ட மூடு தன்னைத்தானே நெருக்கிக்கொள்ளும். பூ சிறுக்கும், பிறகு நிற்கும். அழகாக இருக்கிறதே என்று தொடாமல் வைத்திருந்த வீடுகளில் கல்வாழை அழிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு மூட்டைப் பிரித்தால் வீட்டுக்குத் தேவையானதைப்போல் பல மடங்கு துண்டுகள் கிடைக்கும். அவை பனையோலைப் பெட்டியில் முடுக்கு வழியே புறப்படும். கேட்டவர்களுக்கு முதலில், கேட்காதவர்களுக்குப் பிறகு. யாருக்கும் காசு கிடையாது. பெட்டி மட்டும் வெறுமையாகத் திரும்பாது. முருங்கைக்காய், முட்டை, ஒரு துண்டு தம்மடை, ஏதாவது ஒன்று இருக்கும். எந்த வீட்டில் எந்த நிறம் இருக்கிறது என்பது உம்மம்மாவுக்கு மனப்பாடம். சதுக்கைத் தெருப் பக்கம் ஒரு வீட்டில் எங்கள் சிவப்பு பட்டுப்போனபோது, அவர்கள் சொல்லும் முன்பே இங்கிருந்து பெட்டி போய்விட்டது.

நிலச்சம்பங்கி வேறு குணம். மெக்சிகோவிலிருந்து உலகம் சுற்றி வந்த கிழங்கு. தாவரவியலார் அண்மையில் அதைக் கற்றாழைப் பேரினமான அகேவில் சேர்த்துவிட்டார்கள். எங்கள் ஊர் வேலி ஓரங்களில் முரட்டு முள்ளோடு நிற்கும் ஆனைக்கற்றாழைக்கு இந்த மெல்லிய வாசக்காரி சொந்தம் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அதன் ஒரு கிழங்கு ஒருமுறைதான் பூக்கும். பிறகு பக்கத்தில் குட்டிக் கிழங்குகள் விட்டுத் தன் இடத்தை அவற்றுக்குக் கொடுத்துவிடும். இடுப்பளவு தண்டில் கீழிருந்து மேலாக மொக்குகள் மலரும். வாசம் அந்தி சாய்ந்து, மஃரிபுத் தொழுகைக்குப் பிறகுதான் எழும். மணமகளுக்கு மாலை கட்டவும் சடையில் வைக்கவும் ஒற்றை அடுக்குப் பூ. பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சிருங்கார் வகையையும் மெக்சிகன் ஒற்றையையும் கலந்து உண்டாக்கிய பிரஜ்வல் வகை வந்தபோது நானும் வாங்கி வைத்தேன். மொக்கில் ஒரு இளஞ்சிவப்பு, பூவும் பெரிது. ஆனாலும் எங்கள் பழைய சம்பங்கியை எடுக்க மனம் வரவில்லை, இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன.

சம்பங்கிக்குத் தண்ணீர் தேங்கக் கூடாது. கல்வாழைப் பாத்தி தாழ்வாகவும் சம்பங்கிப் பாத்தி மேடாகவும் இருக்கும்.

கச்சான் மாதங்களில் இரண்டுக்கும் தாங்கு வேண்டும். கட்டுப்போடக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் வீட்டு மராமத்து வேலைக்கு வந்த ஒரு பெரியவர். இளமையில் ஆத்தூர்க் கொடிக்காலில் வேலை பார்த்தவர். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவர் உயிரோடு இல்லை. அகத்தியில் வெற்றிலைக் கொடியைக் கட்டுகிற அதே முறையை அவர் எனக்குக் காட்டினார். வாழைநாரை நனைத்துக்கொள்ள வேண்டும். கம்பைச் சுற்றி ஒருமுறை, நடுவில் குறுக்காக மாற்றி, தண்டைச் சுற்றித் தளர்வாக ஒருமுறை. கம்பில் இறுக்கம், தண்டில் தளர்வு. காற்று அடித்தால் தண்டு ஆடலாம், சாயக் கூடாது. ஆடாமல் கட்டிய தண்டு கட்டின் இடத்தில் ஒடியும். கம்பு காற்று வருகிற மேற்குப் பக்கம் நிற்க வேண்டும், அப்போதுதான் தண்டு கம்பில் மோதி உராயாது. ஐப்பசியில் காற்று திரும்பும்போது கம்பையும் மாற்றி நட வேண்டும். இந்தக் கடைசி வேலையை இன்றுவரை நான் தவறவிட்டதில்லை.

செங்காந்தளை மட்டும் உம்மம்மா மதிலுக்கு உள்ளே விடவில்லை. மழைக்காலத்தில் தேரி ஓரத்து வேலிகளில் இலை நுனியால் பற்றிக்கொண்டு ஏறி, தீ நிறத்தில் பூத்துவிட்டு, தை பிறந்ததும் மண்ணுக்குள் போய்விடும். அத்தனை அழகு. ஆனால் கிழங்கு கொடிய விஷம். பிள்ளைகள் கிழங்கைத் தோண்டி விளையாடுகிற வீட்டில் அது ஆகாது என்றார்கள். அந்தத் தீர்ப்பு சரி.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. முதல் நாளிலிருந்தே தூறல். அன்று பகலில் மழை வலுத்து, இரவு முழுவதும் இடைவெளியே இல்லாமல் கொட்டியது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 சென்டிமீட்டர். எங்கள் பக்கம் ஒரு வருடம் முழுவதும் பெய்கிற மழையைவிட அதிகம். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டதை நாடே பார்த்தது. எங்களுக்கு அது தெரியாது, மின்சாரமும் போனும் இல்லை. முடுக்கு வாய்க்காலாகி, புறவாசல் கதவுக்கு மேலாகத் தண்ணீர் உள்ளே வந்தது. மாடியில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீடுகளிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், நாங்களும் பதில் கொடுத்துக்கொண்டே இருந்தோம். பள்ளிவாசல்களில் சோறு ஆக்கி, மதம் பார்க்காமல், தண்ணீரில் நடந்தே கொண்டுபோய்க் கொடுத்த இளைஞர்களுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும்.

தண்ணீர் வடிய நாட்கள் ஆயின. ஊரில் வீடும் கடையும் ஆடுமாடும் இழந்தவர்கள் இருக்கும்போது பூச்செடியைப் பற்றிப் பேச வாய் வராது. நானும் பேசவில்லை. சேறு வழித்து, சுவர் கழுவி, அரிசிப்பானையை வெயிலில் காயவைத்த பிறகுதான் பாத்திப் பக்கம் போனேன். சம்பங்கிக் கிழங்கு அத்தனையும் அழுகியிருந்தது. மேடாக வைத்த பாத்தியும் மூழ்கியிருந்தால் மேடு என்ன செய்யும்? பழையதும் போயிற்று, பிரஜ்வலும் போயிற்று. கல்வாழைத் தண்டுகள் தரையோடு படுத்துக் கிடந்தன. எல்லாவற்றையும் வெட்டினேன். மண்ணைக் கிளறிப் பார்த்தால் கிழங்கு கெட்டியாக இருந்தது. தை கடைசியில் ஓரமெல்லாம் செம்பு நிறக் குருத்து குத்திக்கொண்டு வந்தது.

அந்த வருடம் போலக் கல்வாழை எங்கள் வீட்டில் வளர்ந்ததே இல்லை. அத்தனை நல்ல தண்ணீர் மேலிருந்து கீழே இறங்கியதில் மண்ணின் பல வருட உப்பு கழுவிக்கொண்டு போயிருக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரே சித்திரை வரை நாக்கில் கரிக்கவில்லை. தண்டுகள் மதிலைத் தாண்டி நின்றன. அவற்றைப் பார்த்து மகிழ எனக்குத் தயக்கமாக இருந்தது. அந்தத் தண்ணீர் என்னென்ன செய்தது என்பது தெரிந்த பிறகு எப்படி மகிழ்வது?

பழைய சம்பங்கி திரும்பி வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஆனி மாதத்தில் ஒருநாள் முடுக்குக் கதவு தட்டப்பட்டது. நாலு வீடு தள்ளியிருக்கும் ராத்தா. அவர்கள் வீட்டுத் தரை எங்களைவிட உயரம், தண்ணீர் வாசல்படியோடு நின்றுவிட்டது. கையில் ஓலைப்பெட்டி, அதில் முளைவிட்ட சம்பங்கிக் கிழங்குகள். "ஒங்க உம்மம்மா எனக்கு என் கல்யாணத்தப்போ குடுத்ததுதான். எடுத்துக்கோ" என்றார்கள். ஐம்பது வருடத்துக்கு முந்தைய கல்யாணம் அது. என் புறவாசலில் அழிந்தது முடுக்கில் அழியவில்லை. பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அதில் மஞ்சள் கல்வாழைத் துண்டுகளை வைத்தேன், அவர்களிடம் அந்த நிறம் இல்லை.

இப்போது புதிதாகக் கட்டுகிற வீடுகளில் புறவாசல் முழுவதும் சிமெண்ட் போட்டுவிடுகிறார்கள். முடுக்கிலும் பல இடங்களில் தளக்கல். தூசி இல்லை, கழுவ எளிது என்பது உண்மை. ஆனால் அந்த 95 சென்டிமீட்டருக்குப் பிறகு, தண்ணீர் இறங்க ஒரு பாத்தியளவாவது மண்ணை விடுங்கள் என்று நான் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிலர் விட்டிருக்கிறார்கள். விட்டவர்களுக்கு அந்த இடத்தில் நட நானே கிழங்கு தருகிறேன்.

வருகிற புரட்டாசியில் கிழக்கு மதில் ஓரத்து மூட்டைப் பிரிக்க வேண்டும், நடுப்பகுதி பழுத்துவிட்டது. சென்னையில் ஏழாவது மாடியில் இருக்கும் தங்கை மகள் சிவப்புதான் வேண்டும் என்கிறாள். கடற்கரைப் பக்கம் வீடு, பால்கனியில் காற்று எப்போதும் இருக்கும் என்று அவளே சொன்னாள். அவ்வளவு உயரத் தண்டு தொட்டியில் நிற்காது. அதனால் குட்டை மஞ்சளைத்தான் கொடுத்துவிடப் போகிறேன். இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, மண்ணை உதறி, நிழலில் உலர்த்தி, செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போடாமல், செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறும் யாரிடமாவது கொடுக்க வேண்டும். ஒரு முழ ஆழமாவது உள்ள தொட்டியாக இப்போதே வாங்கி வை என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.